ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கும் எம்ஜிபி: கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: இங்கிலாந்தில் 1971-ஆம் வருடத்து எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், காலையில் முதல் சாவியிலேயே கிளம்புகிறது, ஒரு இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடுகிறது. பார்த்தவர்கள் எல்லாம் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) என்கிறார்கள். எஸ்யூ கம்பெனியின் இரண்டு கார்புரேட்டரையும் எடுத்துவிட்டு வெபர் கம்பெனியுடையது ஒன்று போட்டால் சரியாகிவிடுமா, அதை வீட்டிலேயே நானே செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும், மாட்டுவது பெரிய வேலை இல்லை. ஆனால் வண்டி ஏன் நிற்கிறது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் பல நூறு பவுண்டு செலவழித்து வெபர் மாட்டினால், பெரும்பாலும் வெபரோடு அதே இருபதாவது நிமிடத்தில் நிற்பீர்கள்.

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜினைப் பல வருடமாக என் வண்டியிலும் தெரிந்தவர்கள் வண்டியிலும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லிக் கொண்டுவருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு இக்னிஷனில், அதாவது ஸ்பார்க் உண்டாக்கும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. சூடானால் நிற்பது, ஆறினால் ஓடுவது என்ற அறிகுறி முக்கியமாகக் காயிலுக்கும் (ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) கண்டென்சருக்கும் (பாயிண்டில் பொறி பறக்காமல் காப்பது) ரோட்டாருக்கும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) உரியது. பெட்ரோல் பக்கத்திலும் இதே மாதிரி நடக்கும், அதனால் உங்கள் வண்டியில் எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வண்டி நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். ஆறின வண்டியைத் திறந்து பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, அப்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். உங்களுக்கு இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் ஆறின வண்டியைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

முதலில் டாக்கோமீட்டர், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டர். ஓரமாக நிறுத்த இடமுள்ள, போக்குவரத்து குறைவான ரோட்டில் ஓட்டுங்கள். வண்டி சாகும்போது கியரில் இருக்கும், சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் டாக்கோ முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் காயிலுக்குப் போகிற கரண்ட் அறுந்துவிட்டது, பெட்ரோல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து முள்ளும் மெதுவாக இறங்கினால் பாயிண்ட் (காயில் கரண்ட்டை விட்டு விட்டு அறுக்கும் தொடுமுனைகள்) வரைக்கும் உள்ள வயரிங் வேலை செய்கிறது, கோளாறு அதற்கு அப்பால் ஹைடென்ஷன் (பிளக்குக்குப் போகிற உயர் மின்னழுத்த) பக்கம் இருக்கலாம் அல்லது பெட்ரோல் வராமல் இருக்கலாம். உங்கள் வருடத்து வண்டியில் இந்தச் சோதனை இன்னும் நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் அந்தக் காலத்து டாக்கோவில் சாவியிலிருந்து காயிலுக்குப் போகிற கரண்ட் மீட்டர் வழியாகவே போகிறது. அதனாலேயே மீட்டருக்குப் பின்னால் உள்ள கனெக்டர் தளர்ந்தாலும் இன்ஜின் நிற்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எப்படிச் சாகிறது என்பது. விளக்கை அணைத்தது போலச் சட்டென்று நின்றால் கரண்ட். இழுவை குறைந்து, திணறி, குலுங்கி, ஆக்ஸிலரேட்டரை விட்டால் கொஞ்சம் தேறி, மறுபடி திணறினால் பெட்ரோல். திணற ஆரம்பிக்கும்போதே சோக்கை (கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிற பிடி) பாதி இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் இன்ஜின் உயிர் பெற்றால் கலவை வற்றிப்போகிறது, அதாவது பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். இழுத்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது.

வண்டி நின்றதும் சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம், காது கொடுத்துக் கேளுங்கள். எஸ்யூ எலக்ட்ரிக் பம்ப் பின்னால் வலது சக்கரப் பக்கம் இருக்கிறது, டிக் டிக் என்று சத்தம் போடும். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்குகிற ஃப்ளோட் சேம்பர் நிறைந்திருந்தால் சில தடவை டிக்கிவிட்டு அடங்கிவிடும், அது ஆரோக்கியமான பம்ப். நிற்காமல் வேகமாக டிக்கிக்கொண்டே இருந்தால் டாங்கில் பெட்ரோல் இல்லை அல்லது டாங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கேயோ காற்றை உறிஞ்சுகிறது. ஒரு சத்தமும் இல்லை, கார்புரேட்டரும் காய்ந்திருக்கிறது என்றால் பம்ப் பாயிண்ட் தேய்ந்திருக்கலாம், அதன் எர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம். ஸ்பேனர் பிடியால் பம்பை லேசாகத் தட்டினால் ஓட ஆரம்பிக்கும், அப்படி ஓடினால் கோளாறு அங்கேதான். பம்பும் பேசவில்லை, டாக்கோவும் செத்துவிட்டது, சிவப்பு இக்னிஷன் லைட்டும் எரியவில்லை என்றால் மூன்றுக்கும் பொதுவான வெள்ளை வயரையும் இக்னிஷன் ஸ்விட்சையும் சந்தேகப்படுங்கள். அதே கையோடு பெட்ரோல் டாங்க் மூடியையும் திறந்து பாருங்கள். புஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, டாங்கில் வெற்றிடம் உண்டாகி பம்பால் இழுக்க முடியவில்லை. புதிதாக வாங்கிய மூடி துளை இல்லாத வேறு மாடலாக இருக்கவும் வாய்ப்புண்டு.

இப்போது இக்னிஷன், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் வண்டியில் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் இருக்க வேண்டும், காயில் பல்லாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகிற கரண்ட்டைக் குறைக்கும் தடை) இல்லாத வகை. காயிலின் இரண்டு சின்ன டெர்மினலிலும் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்து பாருங்கள், சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். 1.5 ஓம் காட்டினால் யாரோ பின்னாளைய ரப்பர் பம்பர் வண்டியின் பல்லாஸ்ட் காயிலைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். 12 வோல்ட்டில் 3 ஓம் என்றால் 4 ஆம்பியர் போகும், 1.5 ஓம் என்றால் 8 ஆம்பியர். காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும், இருபது நிமிடத்தில் வண்டி நிற்கும், ஆறினால் ஓடும். நீங்கள் சொன்ன கதைக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் 3 ஓம் காட்டுகிறது என்பதற்காகக் காயில் நல்லது என்று சொல்லிவிட முடியாது. சூட்டில் உள்ளே இன்சுலேஷன் விடுகிற காயில் ஆறின பிறகு சரியான அளவையே காட்டும், நல்ல காயில் ஒன்றை மாற்றிப் போட்டு ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்டென்சர், ரோட்டார் இந்த இரண்டிலும் நான் ரொம்பக் கண்டிப்பாக இருப்பேன். இன்று கடைகளில் கிடைக்கிற நகல் பாகங்களில் தரம் குறைந்தவை நிறைய. போன மாதம்தான் புதிதாகப் போட்டேன் என்பதால் அதைச் சந்தேகிக்காமல் விடாதீர்கள், புதிதாகப் போட்டதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்து வைத்திருக்கிற ரோட்டார்களில் அந்த ரிவெட் வழியாக ஸ்பார்க் கீழே ஷாஃப்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு இறங்கிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோதிப்பது சுலபம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காயிலிலிருந்து நடுவே வருகிற தடித்த வயரின் முனையை ரோட்டாரின் பித்தளைக்கு மேல் ஒரு 3 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிற மாதிரி இன்சுலேட்டட் இடுக்கியால் பிடித்துக்கொண்டு, சாவியை ஆன் செய்து, பாயிண்டை இன்சுலேட்டட் ஸ்க்ரூடிரைவரால் திறந்து திறந்து மூடுங்கள். ரோட்டார் நல்லதென்றால் ஸ்பார்க் போக வழியே இல்லை. நீலமாகப் பாய்ந்தால் ரோட்டார் கசிகிறது, குப்பையில் போடுங்கள். ரிவெட் இல்லாமல் வார்த்த சிவப்பு நிற ரோட்டார் கிளாசிக் கார் பாகங்கள் விற்கிற கடைகளில் கிடைக்கிறது, அதைத்தான் நான் போடுவேன். கண்டென்சரைச் சோதிக்க வீட்டில் நம்பகமான வழி இல்லை. பாயிண்டில் நீலப் பொறி நிறையப் பறக்கிறதா, முகம் சீக்கிரம் கருகுகிறதா என்று பாருங்கள், பழைய நல்ல கண்டென்சர் கிடைத்தால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இன்னும் இரண்டு இடம். வெளி டெர்மினலிலிருந்து பாயிண்டுக்குப் போகிற சின்ன வயர், அப்புறம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டை உடம்போடு இணைக்கிற துணி சுற்றிய எர்த் வயர். வாக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சும் விசையால் ஸ்பார்க் நேரத்தை மாற்றும் அமைப்பு) அந்தத் தட்டை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் இந்த வயர்கள் வளைந்து நிமிர்கின்றன, ஐம்பது வருடத்தில் உள்ளே கம்பி அறுந்து மேல்தோல் மட்டும் முழுசாக நிற்கும். இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் அறுந்தது ரப்பர் மாதிரி நீளும். பாயிண்டைப் புதிதாகப் போட்டிருந்தால் அதன் ஸ்பிரிங் மாட்டுகிற குச்சியில் இன்சுலேட்டர் சரியான வரிசையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கும் இரண்டு வயர் முனைகளும் ஒன்றையொன்று தொட வேண்டும், குச்சியையோ தட்டையோ தொடவே கூடாது. தொட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது, தொட்டும் தொடாமலும் இருந்தால் உங்கள் வண்டி போல நடந்துகொள்ளும்.

ரோட்டில் நிற்கும்போது செய்ய இன்னொரு வழி இருக்கிறது. ஃப்யூஸ் போட்ட ஒரு நீளமான வயரை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து காயிலின் பாசிட்டிவ் டெர்மினலுக்கு நேரே கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடினால் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் நிரபராதி, கோளாறு ஸ்விட்சிலோ டாக்கோ பின்பக்கமோ நடுவே உள்ள புல்லட் கனெக்டரிலோ. ஆனால் அப்படி ஓடும்போது சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது, வயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். இன்னொன்று, இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் செய்தபடி நெடுநேரம் விடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வீணாகச் சூடாகும்.

பெட்ரோல் பக்கம். வேப்பர் லாக் (பெட்ரோல் சூட்டில் ஆவியாகி ஓட்டம் அடைபடுவது) என்று நிறையப் பேர் சொல்வார்கள், இந்த இன்ஜினில் அது வர வாய்ப்பில்லாமல் இல்லை, கார்புரேட்டர்களும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் அது பெரும்பாலும் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடி கிளப்பும்போதோ, நெரிசலில் ஊர்ந்து போகும்போதோ வரும். காற்று அடித்துக்கொண்டு 50 மைல் வேகத்தில் ஓடுகிற வண்டி பெட்ரோல் கொதித்து நிற்பது அபூர்வம். உங்கள் வண்டி எந்த நிலையில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அது முக்கியம். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள தகரக் கவசமும் தடித்த இன்சுலேட்டர் பிளாக்குகளும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள், முந்தைய உரிமையாளர்கள் அவற்றைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது வழக்கம். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களை உள்ளிருந்து கரைக்கும் என்பது உறுதி. கரைந்த கறுப்புத் துகள் ஃப்ளோட் நீடிலில் மாட்டிக்கொள்ளும் என்பதும் உறுதி, ஃப்ளோட் சேம்பர் மூடியைத் திறந்தால் கண்ணால் பார்க்கலாம். உங்கள் வண்டி நிற்பதற்கு அதுதான் காரணமா என்பது வேறு விஷயம், ஆனால் குழாய்களை ஆர்9 தர எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிட்டு சூப்பர் இ5 (எத்தனால் 5 சதவீதம் வரை மட்டும்) போடுவது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. பழைய பெட்ரோல் குழாய் வெடித்தால் சொட்டுவது நேரே எக்ஸாஸ்ட் மேல்.

வெபருக்கு வருகிறேன். எஸ்யூ எச்எஸ்4 என்பது மிக எளிமையான கார்புரேட்டர், ஒரே ஒரு ஜெட், அதற்குள் ஒரு கூம்பு ஊசி, மேலே ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன், அவ்வளவுதான் உள்ளே. இன்ஜின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அதற்கேற்பத் தானே திறந்துகொள்ளும். ரோட்டில் ஓட்டுகிற எம்ஜிபிக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் கருத்து. பந்தயத்துக்கு வண்டியைத் தயார் செய்கிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அவர்கள் தேவை வேறு. எஸ்யூவில் உண்மையாகத் தேய்வது த்ராட்டில் ஸ்பிண்டில், காற்றுவழித் தகடு திரும்புகிற அச்சு. அதைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் அந்த இடுக்கில் காற்று புகுந்து ஐடிலிங் ஒருநாளும் நிலைக்காது, என்ன ட்யூன் செய்தாலும் சீராகாது. ஆனால் அதனால் வண்டி சூடானதும் செத்துப்போகாது. ஸ்பிண்டிலுக்குப் புதிய புஷ் போடுவது சரியான கருவியோடு செய்ய வேண்டிய வேலை, கார்புரேட்டரைக் கழற்றி அதற்கென்று இருக்கிறவர்களிடம் அனுப்பிவிடுங்கள்.

நிற்கிற கோளாறு தீர்ந்த பிறகு ட்யூன் செய்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றக் கூடாது. முதலில் டேப்பெட் (வால்வு இடைவெளி), இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குலம். இதில் ஒன்பது என்ற கணக்கு உதவும்: 8-வது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐ அட்ஜஸ்ட் செய்யுங்கள், 6 திறந்திருந்தால் 3, இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. அப்புறம் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பாயிண்ட் 0.014-லிருந்து 0.016. அதற்குப் பிறகுதான் டைமிங் (ஸ்பார்க் வருகிற நேரம்), ஏனென்றால் பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் நகர்ந்துவிடும். கார்புரேட்டர் கடைசி. பிஸ்டன் டாம்பரில் எஸ்ஏஈ 20 எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஒரு குழாய்த்துண்டைக் காதில் வைத்து இரண்டு கார்புரேட்டரின் வாயிலும் மாறி மாறிக் கேட்டு உறிஞ்சும் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு பக்கத்தில் உள்ள சின்னப் பின்னை மேலே தள்ளி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். இன்ஜின் வேகம் ஏறி, ஏறியபடியே நீடித்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், திணறினால் குறைவு, ஒரு கணம் லேசாக ஏறிப் பழையபடி வந்தால் சரி. ஜெட் நட்டை ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருப்புங்கள், இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு.

வீட்டில் எவ்வளவு தூரம் போகலாம் என்றால், மேலே சொன்னவற்றில் ஸ்பிண்டில் புஷ் தவிர எல்லாமே வீட்டில் செய்யக்கூடியவைதான். அங்குல அளவு ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். மெட்ரிக் 13 அரை அங்குல நட்டில் ஏறும், ஏறும் என்பதாலேயே ஆபத்து, இறுகிப்போன நட்டில் மூலையை மழித்துவிடும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள், ஆக்ஸில் ஸ்டாண்ட் இரண்டு இல்லாமல் எந்த வேலையும் தொடங்க வேண்டாம். முன்பக்கக் கிங்பின்னில் (முன்சக்கரம் திரும்புகிற அச்சு) ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள் இருக்கும், 3000 மைலுக்கு ஒரு தடவை, சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது கிரீஸ் அடியுங்கள். பாரம் இருந்தால் கிரீஸ் தேவையான பக்கம் போகாது. கியர்பாக்ஸில் இன்ஜின் ஆயிலே ஊற்ற வேண்டும், 20டபிள்யூ-50, பின் ஆக்ஸிலுக்குத்தான் கியர் ஆயில்.

நான் தொட வேண்டாம் என்று சொல்வது இரண்டு. ஒன்று பிரேக். பழக்கமில்லாதவர் தனியாகச் செய்யக் கூடாது, உங்கள் வருடத்து பிரிட்டன் வண்டியில் பிரேக் ஒரே சர்க்யூட், ஒரு ஹோஸ் போனால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், டிரம்மைத் திறந்ததும் தூசியை ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். இன்னொன்று கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற ‘சில்’ என்ற பாடிப் பகுதி. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, கூரையில்லாத ரோட்ஸ்டரில் சில்தான் முதுகெலும்பு. துருப்பிடித்த சில்லைக் கதவு இடைவெளிக்கு முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு மூடாது. அது வெல்டிங் தெரிந்தவர் வேலை. 40 வருடம் தாண்டிய வண்டி என்பதால் எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்திர வாகனச் சோதனை) கட்டாயம் இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை காசு கொடுத்துச் சோதித்துவிடுங்கள். அடியை வெளிச்சத்தில் வேறு ஒருவர் கண்ணால் பார்ப்பது அவசியம்.

இப்போதைக்கு வெபரை ஆர்டர் செய்யாதீர்கள். காயிலின் ஓம் அளவு, ரோட்டாரில் ரிவெட் இருக்கிறதா இல்லையா, அடுத்த தடவை நிற்கும்போது டாக்கோ முள் எப்படி விழுந்தது, பம்ப் டிக்கியதா, ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா நெரிசலில் நின்றதா, இந்த ஐந்தையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்து எங்கே கை வைப்பது என்று சொல்கிறேன்.